மேற்கோளை எண்ணுமுன் கட்டுரையை வாசியுங்கள்: பல்கலைக்கழகப் பதவி உயர்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கைப் பல்கலைக்கழகங்களின் பதவி உயர்வுக் குழுக்களில் அமரும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம்.

நான் பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பவள் அல்ல. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்து வந்து இருபத்தொரு வருடம் ஆகிறது. தரம் 1, தரம் 2 பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லிக் கொடுப்பதுதான் என் வேலை. விரிவுரையாளர்களின் பதவி உயர்வில் இவளுக்கென்ன பேச்சு என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். பதிலைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு விரிவுரையாளர் எங்கள் பாடசாலைக்கு வந்தார். அறிகை நரம்பியல் அவருடைய துறை. நினைவும் கவனமும் பேச்சும் வாசிப்பும் மூளைக்குள் எப்படி நடக்கின்றன என்று ஆராய்கிற துறை அது. தமிழ்ப் பிள்ளை ஒன்று எழுத்தை எப்படிப் பிடித்துக்கொள்கிறது, எங்கே தடுமாறுகிறது, ஏன் சில பிள்ளைகள் தரம் 4 வந்தும் வாசிக்க மாட்டாமல் நிற்கிறார்கள் என்பதைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். நான் அப்போது கல்வியியலில் முதுமாணி செய்துகொண்டிருந்தேன். களவேலைக்கு உதவியாக அவருடன் சேர்ந்துகொண்டேன். மூன்று வருடம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

போன வருடம் அவருடைய பதவி உயர்வு விண்ணப்பம் திரும்பி வந்தது. மேற்கோள்கள் போதாது, எச் சுட்டெண் குறைவு என்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்ட காரணம். ஒருவரின் கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எடுத்தாள்வதுதான் மேற்கோள், அதை எண்ணிப் போடும் ஒரு கணக்குத்தான் எச் சுட்டெண். எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் எழுதப் போவதில்லை. ஒரு இடத்தின் மேல் பழி போடுவதற்காக இந்த மடலை எழுதவில்லை. தொலைபேசியில் சொன்னபோது அவர் குரலில் கோபம்கூட இல்லை. "சரி டீச்சர், அடுத்த தவணை ரெண்டாம் சுற்றை முடிச்சிடுவோம்" என்று வேலைப் பேச்சுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு இந்த மேற்கோள் கணக்கு என்னதான் என்று தேடித் தேடி வாசித்தேன். வாசித்ததையும் என் கண்ணால் பார்த்ததையும் சேர்த்துத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதல் நாள் நடந்ததில் இருந்து தொடங்குகிறேன். ஆங்கிலத்தில் இருந்து மொழிபெயர்த்த ஒரு சொல்லறிவுச் சோதனையை அவர் கொண்டுவந்திருந்தார். படத்தைக் காட்ட வேண்டும், பிள்ளை பெயரைச் சொல்ல வேண்டும். தரம் 2 பிள்ளை ஒருத்தி எதிரில் உட்கார்ந்தாள். வட்டமான சுவர், பக்கத்தில் குடத்துடன் ஒரு பெண். பிள்ளை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பீலி" என்றாள். விடைத்தாளில் இருந்த சொல் கிணறு. வழிகாட்டியின்படி அந்த விடைக்குப் புள்ளி இல்லை.

தோட்டத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இருக்கும் வரிசை வீடுகளான லயங்களுக்குக் கிணறு கிடையாது. மலையில் இருந்து வரும் ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியே வந்து விழுகிற இடம்தான் பீலி. அங்கேதான் குளிப்பதும், துவைப்பதும், குடம் நிரப்புவதும், ஊர்க்கதை பேசுவதும். அந்தப் பிள்ளை படத்தைச் சரியாகவே புரிந்துகொண்டாள். தண்ணீர் எடுக்கும் இடம், குடம், ஒரு பெண். அவள் பிறந்ததில் இருந்து பார்த்த உலகத்தில் அதற்குப் பெயர் பீலி. அடுத்த படம் பனிமனிதன். அவள் ஒன்றும் சொல்லாமல் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். தான் ஏதோ பிழை செய்துவிட்டோம் என்று பிள்ளைகள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

விரிவுரையாளர் பேனையை மூடி வைத்தார். அன்று அதற்குப் பிறகு ஒரு பிள்ளையையும் சோதிக்கவில்லை. மாலையில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து சொன்னார்: "இதை வச்சு அளந்தா நான் அளக்கிறது பிள்ளையை இல்ல, இந்தப் புத்தகத்தை." கையில் இருந்த சோதனையை அப்படியே ஓட்டியிருந்தால் அந்த வருடமே இரண்டு மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கலாம். தோட்டப் பிள்ளைகளின் சொல்லறிவு குறைவு என்று ஒரு முடிவும் கிடைத்திருக்கும். அந்த முடிவை யாராவது எடுத்தாண்டும் இருப்பார்கள். அவர் அதைச் செய்யவில்லை. முதலில் இருந்து தமிழில் ஒரு சோதனை செய்ய உட்கார்ந்தார். அதற்கே ஒன்றரை வருடம் போனது. அந்த ஒன்றரை வருடத்துக்கு மேற்கோள் பூச்சியம். உங்கள் மேசையில் அவருடைய குறையாகத் தெரிந்தது அந்த ஒன்றரை வருடம்தான்.

அது ஏன் அவ்வளவு காலம் எடுக்கிறது என்று உங்களில் வேறு துறைக்காரர்கள் கேட்கலாம். எங்கள் எழுத்தைப் பாருங்கள். தமிழில் 247 எழுத்து. கொழுந்து என்று ஒரு சொல்லை எழுதுங்கள். முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு. கண் பார்க்கிற ஒழுங்கு ஒன்று, வாய் சொல்கிற ஒழுங்கு வேறு. கொம்பு முன்னால் நின்றாலும் அதன் ஒலி பின்னால்தான் வரும். அச்சில் அரவும் ரகரமும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். அதனால் புதிதாக வாசிக்கும் பிள்ளை "கெ... ர... ழு..." என்று போகும். இருபத்தொரு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்புறம் க என்ற ஒரே எழுத்து கல், பகல், தங்கம், பாக்கு என்று இடத்துக்கு இடம் வேறு வேறாக ஒலிக்கும். எந்த இடத்தில் எப்படி என்று பிள்ளைக்கு யாரும் விதி சொல்லிக் கொடுப்பதில்லை, அது தானாகவே பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடிப்பு மூளையில் எப்படி நடக்கிறது, எந்தப் பிள்ளைக்கு அது நடக்காமல் போகிறது என்று ஆங்கிலச் சோதனையை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. டேவிட் ஷெயார் என்ற இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர் 2008இல் எழுதிய ஒரு கட்டுரையில், வாசிப்பு ஆராய்ச்சி முழுவதும் ஆங்கிலத்தைச் சுற்றியே நிற்கிறது, ஆனால் எழுத்துக்கும் ஒலிக்கும் பொருத்தம் மிகக் குறைந்த விதிவிலக்கான மொழி அது என்று விரிவாகக் காட்டியிருக்கிறார். இரண்டு வருடம் கழித்து 2010இல் ஜோசப் ஹென்ரிக்கும் வேறு இருவரும் எழுதிய கட்டுரை இன்னும் பரவலாகத் தெரிந்தது. முன்னணி உளவியல் ஆய்விதழ்களில் ஆராயப்பட்டவர்களில் 96 வீதத்தினர் மேற்கத்தைய தொழில்மய நாடுகளைச் சேர்ந்தவர்கள், அந்த நாடுகளில் இருப்பதோ உலக மக்களில் 12 வீதம் என்று அதில் எடுத்துக் காட்டினார்கள். இந்தக் கட்டுரையை உலகமே மேற்கோள் காட்டுகிறது. நீங்களும் காட்டியிருப்பீர்கள். அந்த இடைவெளியை நிரப்ப ஒருவர் மலை ஏறி வந்து உட்கார்ந்தால் அவருக்கு மேற்கோள் போதாது என்கிறோம். என் மனது ஆறாத இடம் இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டனிஸ்லாஸ் டெஹேன் என்ற பிரெஞ்சு அறிகை நரம்பியலாளரும் அவருடைய குழுவினரும் 2010இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பிரேசிலையும் போர்த்துக்கலையும் சேர்ந்த 63 பெரியவர்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். அவர்களில் 10 பேருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. 22 பேர் வயது வந்த பிறகு வாசிக்கக் கற்றவர்கள். மிச்சப்பேர் சிறுவயதிலேயே கற்றவர்கள். வாசிக்கக் கற்றால் பார்வைக்கும் பேச்சுக்குமான மூளைப் பகுதிகளின் வேலை மாறுகிறது, பெரியவராகிக் கற்றாலும் பெருமளவு மாறுகிறது என்று தெரிந்தது. இதை வாசித்த அன்று நான் என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். கைநாட்டுத்தான். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஐம்பத்தேழு வயதில் என்னிடம் எழுத்துப் படித்தார். முதன்முதலில் தானாக வாசித்தது பஸ்ஸின் பெயர்ப்பலகையை. "தலவாக்கலை" என்று கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது, அடுத்த பஸ்ஸில் போனோம். அப்படிப்பட்டவர்களின் மூளையில் தமிழ் எழுத்து என்ன செய்கிறது என்று யாராவது பார்க்க வேண்டாமா? பிரேசிலில் பார்த்தார்கள். உலகம் அதைப் போற்றியது. இங்கே பார்ப்பதற்கு ஒருவர் வந்தால் அவரை நாம் நிறுத்தி வைக்கலாமா?

இனி எண்களுக்கு வருகிறேன். எச் சுட்டெண் என்பது ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் 2005இல் சொன்ன ஒரு கணக்கு. ஒருவரின் கட்டுரைகளில் பன்னிரண்டுக்குத் தலா பன்னிரண்டு மேற்கோளாவது இருந்தால் அவருக்குச் சுட்டெண் 12. இதில் என்ன நடக்கிறது பாருங்கள். ஒருவர் முப்பது கட்டுரை எழுதி ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு மேற்கோள் வாங்கினால் அவருக்கு 12. இன்னொருவர் நான்கே கட்டுரை எழுதி ஒவ்வொன்றையும் இரண்டாயிரம் பேர் எடுத்தாண்டால் அவருக்கு 4தான். அதற்கு மேல் போக வழியே இல்லை. வயது போகப் போக ஏறும், ஒருநாளும் இறங்காது. கட்டுரையில் பெயர் முதலில் இருந்தாலும் நூறாவதாக இருந்தாலும் ஒரே கணக்கு. மேற்கோளை எண்ணும் தரவுத்தளங்களும் ஒத்துப்போவதில்லை: ஒரே ஆளுக்கு கூகுள் ஸ்கொலரில் ஒரு எண் இருக்கும், ஸ்கோபஸில் வேறு எண் இருக்கும், வெப் ஒஃப் சயன்ஸில் இன்னொன்று இருக்கும். இந்தக் கணக்கு மோசமாகப் பிழைக்கவும் கூடும், கெட்ட பின்விளைவுகளையும் தரும் என்று ஹிர்ஷே 2020இல் எழுதிவிட்டார். ஆய்விதழ்களின் தாக்கக் காரணியும் இப்படித்தான். சென்ற இரண்டு வருடங்களில் வந்த கட்டுரைகளுக்கு இந்த வருடம் சராசரியாக எத்தனை மேற்கோள் என்பதுதான் அது. தங்கள் மேற்கோள் அட்டவணையில் எந்த ஆய்விதழைச் சேர்ப்பது என்று தெரிவு செய்வதற்காக யூஜின் கார்ஃபீல்டும் அவருடன் இருந்தவரும் 1960களில் செய்த கருவி. ஆளை நிறுக்கும் தராசாக அதை யாரும் செய்யவில்லை.

தராசு என்றதும் எனக்கு அம்மாதான் நினைவுக்கு வருகிறார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு ஒரே கேள்விதான் கேட்கும்: எத்தனை கிலோ? கவ்வாத்து வெட்டி இப்போதுதான் துளிர்க்கிற மலையில் எடுத்தாயா, கொழுந்து பொங்கி நிற்கிற மலையில் எடுத்தாயா என்று தராசு கேட்காது. வறட்சி மாதமா, மழை மாதமா என்று கேட்காது. ஈரத்துக்கென்று கழிப்பது வேறு. போட்ட அளவு வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். பக்கத்து மலையில் எடுத்தவளுக்கு முழுப்பேர். இரண்டு பேரும் காலை வேலை பிரிக்கும் ஒரே பெரட்டுக்குப் போனவர்கள், ஒரே நேரம் குனிந்து நிமிர்ந்தவர்கள். மலையைத் தெரிந்த கங்காணி மட்டும் ஒருமுறை சொன்னார், "இந்த மலையில இதுக்கு மேல வராதுங்க" என்று. அவர் சொன்னது அன்று கணக்கில் ஏறவில்லை.

ஆராய்ச்சித் துறைகளும் மலைகள் போலத்தான். நரம்பியலில் கட்டுரைகள் கூட்டமாக வரும், ஒவ்வொன்றும் பலவற்றை எடுத்தாளும். கணிதத்தில் அப்படி இல்லை. நரம்பியலுக்குள்ளேயே மற்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் மீளாய்வுக் கட்டுரைக்குக் கிடைக்கும் மேற்கோள் களவேலைக் கட்டுரைக்குக் கிடைக்காது. அமெரிக்காவில் 2016 தொடங்கி 21 இடங்களில் 9, 10 வயதுப் பிள்ளைகள் கிட்டத்தட்ட 12,000 பேரைச் சேர்த்து அவர்களின் மூளை வளர்ச்சியை வருடக்கணக்காகப் பின்தொடர்கிறார்கள். மிகப் பெரிய வேலை, மதிக்கிறேன். அதில் இருந்து வரும் கட்டுரைகளில் ஆசிரியர் வரிசை நீளமாக இருக்கும், மேற்கோளும் மளமளவென்று சேரும். இங்கே என்ன இருந்தது? ஒரு லெப்டொப், ஒரு ஹெட்போன், ஒரு நிறுத்தற் கடிகாரம், நான். எங்கள் வகுப்பறைக்குத் தகரக் கூரை. மழை பெய்தால் பதிவுசெய்து வைத்த ஒலி பிள்ளைக்குக் கேட்காது. மழை விடும்வரை காத்திருப்போம். மத்தியானம் ஒரு மணிக்கு மேல் மூடுபனி உள்ளே வந்துவிடும், வெளிச்சம் போதாது, அன்றைய வேலை முடிந்தது. ஒரு மழைக்காலத்தில் பதினொரு நாள் வந்தவர் பதினொரு நாளும் ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போனார். ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் மூன்று மணித்தியாலம் போக, மூன்று மணித்தியாலம் வர. இந்த மலையில் இதற்கு மேல் வராது ஐயா. மலையைத் தெரிந்தவளாகச் சொல்கிறேன்.

எண்ணால் ஒரு நன்மையும் இல்லையா என்றால், உண்டு. அதை மறைக்க மாட்டேன். எங்கள் நாட்டில் ஆளைப் பார்த்து, செல்வாக்கைப் பார்த்துக் கதிரை கொடுப்பது புதிதல்ல. யாருடைய ஆள் என்று கேட்பதை விட எத்தனை மேற்கோள் என்று கேட்பது ஒரு படி மேல்தான். தோட்டத்தில் இருந்து போன பிள்ளைக்குப் பெரிய இடத்துத் தொடர்பு இராது, எண் ஒன்றுதான் அவருக்குத் துணை என்ற நிலைமையும் உண்டு. அதனால் எண்ணைத் தூக்கி எறியுங்கள் என்று நான் கேட்கவில்லை. எண் மட்டும் இருக்கிற மேசையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்கிறேன்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்த மறுவாரம் மலையகத்தில் எந்தப் பாடசாலை வாசலைப் பார்த்தாலும் பதாகை இருக்கும். வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகளின் படம், புள்ளி, அதிபர் ஆசிரியர்களின் பெயர். வலயத்தில் பாடசாலைக்குப் பெயர் வருவது அந்த எண்ணிக்கையால்தான். அதனால் என்ன ஆனது? வெட்டுப்புள்ளிக்குக் கிட்ட நிற்கும் பிள்ளைகளுக்கு விசேட வகுப்பு. தரம் 4இல் இன்னும் "கெ, ர" என்று நிற்கிற பிள்ளை பின்வாங்கில். அந்தப் பிள்ளை வருடக் கடைசியில் ஒரு பந்தி முழுவதையும் தானாக வாசித்தால் அதற்குப் பதாகை இல்லை. நானும் அந்த ஓட்டத்தில் ஓடியவள்தான். என்னிடம் படித்த மூன்று பிள்ளைகளின் படம் பதாகையில் ஏறிய வருடத்தில்தான் பின்வாங்கில் இருந்த ஒரு பையன் வாசிக்கத் தெரியாமலே இடைநிலைக்குப் போனான். அதை நான் மறக்கவில்லை. எதை எண்ணுகிறார்களோ அதைத்தான் செய்வோம். ஆசிரியரும் அப்படித்தான், விஞ்ஞானியும் அப்படித்தான்.

நரம்பியலில் இதன் விளைவு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. 2013இல் கேத்ரின் பட்டனும் அவருடன் இருந்தவர்களும் நரம்பியல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். உண்மையில் ஒரு விளைவு இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வலு இடைநிலை அளவில் 21 வீதம்தான் என்று வந்தது. அதாவது ஐந்தில் ஒரு தடவைதான் அகப்படும். சின்னச் சின்னதாக, அவசர அவசரமாக நிறைய ஆய்வு செய்தால் கட்டுரை கூடும், உண்மை கூடாது. ஒரு கட்டுரையின் மேற்கோள் எண்ணிக்கை அதன் சரிபிழையைச் சொல்லாது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அல்சைமர் நோயில் வரும் ஞாபக இழப்புக்கு ஒரு குறிப்பிட்ட புரதத் திரள் காரணமாகலாம் என்று 2006இல் நேச்சர் இதழில் வந்த ஒரு கட்டுரையை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் எடுத்தாண்டன. படங்களில் கைவைக்கப்பட்டிருந்தது தெரியவந்து 2024இல் அது மீளப்பெறப்பட்டது. பதினெட்டு வருடம். அத்தனை வருடமும் எண் பார்த்தவர்களுக்கு அது வெற்றி.

பிரெண்டா மில்னரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஞாபகம் பற்றிய ஆராய்ச்சியைப் புரட்டிப் போட்டவர். வலிப்பு நோய்க்காக 1953இல் மூளையில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலைசன் என்ற ஒரு மனிதரை அவர் வருடக்கணக்காகப் போய்ப் பார்த்தார். மொலைசனுக்குப் புதிதாக எதுவும் மனதில் நிற்காது. மில்னரையே ஒவ்வொரு முறையும் முதல் தடவை பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். கண்ணாடியில் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் கோட்டுக்குள் பென்சிலால் வரையச் சொன்னார் மில்னர். நாளுக்கு நாள் கை தேர்ந்து வந்தது, ஆனால் இதற்கு முன் இப்படி வரைந்ததாக மொலைசனுக்கு ஞாபகமே இல்லை. ஞாபகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை உண்டு என்று அந்தப் பென்சில் கோட்டில் தெரிந்தது. அறுவை மருத்துவர் ஸ்கோவிலுடன் சேர்ந்து மில்னர் 1957இல் எழுதிய கட்டுரையை ஆயிரக்கணக்கானோர் எடுத்தாண்டிருக்கிறார்கள். எச் சுட்டெண்ணில் அதன் பங்கு ஒன்று. ஒன்றே ஒன்று. ஒரு மனிதரின் பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு இந்த எண்ணில் இடமில்லை. எங்கள் விரிவுரையாளரை மில்னருடன் ஒப்பிடவில்லை. உட்கார்ந்து பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன்.

உலகத்தில் பலர் இதை உணர்ந்துவிட்டார்கள். 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்வாளர்களும் பதிப்பாசிரியர்களும் தொடங்கிய பிரகடனம், ஆளை எடுக்கவும் உயர்த்தவும் ஆய்விதழின் தாக்கக் காரணியைப் பயன்படுத்தாதீர்கள் என்கிறது. ஆராய்ச்சியை எண்களால் மதிப்பிடுவது பற்றி 2015இல் வந்த லைடன் அறிக்கை பத்துக் கொள்கைகளைச் சொல்கிறது. அதில் ஒன்று, அந்தந்த இடத்துக்குத் தேவையான ஆராய்ச்சியின் சிறப்பைப் பாதுகாக்க வேண்டும் என்பது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் தாக்கக் காரணியை இனிப் பார்ப்பதில்லை என்று 2021இல் அறிவித்தது. பணமும் கருவியும் உள்ள நாடுகளே இப்படிச் செய்யும்போது நாம் ஏன் அவர்கள் கழற்றி வைத்த தராசை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும்?

நான் உங்களிடம் கேட்பது பெரிய காரியம் அல்ல. விண்ணப்பிக்கிறவர் தன் வேலையில் சிறந்தது என்று காட்டும் இரண்டு கட்டுரைகளை, குழுவில் ஒருவராவது முதல் வரியில் இருந்து கடைசி வரிவரை வாசியுங்கள். வாசித்தேன் என்று கையொப்பம் இடுங்கள். வேலை தமிழைப் பற்றியது என்றால் தமிழ் வாசிக்கத் தெரிந்த வெளி மதிப்பீட்டாளர் ஒருவருக்கு அனுப்புங்கள். சிங்களத்தைப் பற்றியது என்றால் சிங்களம் தெரிந்தவருக்கு. எண்ணைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அதே துறையில், அதே தலைப்பில், அதே அளவு காலம் வேலை செய்தவர்களுடன் வைத்துப் பாருங்கள். பௌதிகத்துடனும் மருத்துவத்துடனும் வைத்துப் பார்க்காதீர்கள்.

அப்புறம், கருவி செய்வதையும் ஆராய்ச்சியாக எண்ணுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். உலகத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது தெரியுமா? 1951இல் லவ்ரியும் மற்றவர்களும் எழுதிய, புரதத்தின் அளவைக் கண்டறியும் முறை பற்றிய கட்டுரை. மூன்று இலட்சம் தடவைக்கு மேல் எடுத்தாண்டிருக்கிறார்கள். அது ஒரு கருவிதான், ஆயிரம் பேர் வேலைக்குத் தேவைப்பட்ட கருவி. எங்கள் விரிவுரையாளர் செய்த தமிழ் வாசிப்புச் சோதனையும் ஒரு கருவி. அதைப் பாவிக்கிறவர்கள் என்னைப் போன்ற ஆசிரியைகள். நாங்கள் ஆய்விதழில் எழுதுகிறவர்கள் இல்லை. சோதனையின் பதினாறு பக்கத்தைத் தலவாக்கலை டவுனில் போட்டோ கொப்பி எடுத்து பக்கத்துப் பாடசாலை டீச்சர்மாருக்கு நானே கொடுத்திருக்கிறேன். அவர்கள் இன்னும் பலருக்குக் கொடுத்தார்கள். எந்தப் பிள்ளை கொம்பில் தடுமாறுகிறது, எந்தப் பிள்ளைக்குக் கண் தெரியவில்லை, எந்தப் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று முதல் தவணையிலேயே பிரித்துப் பார்க்க முடிகிறது. என் வகுப்பில் ஒரு பிள்ளையைச் சோம்பேறி என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தச் சோதனையில் ஹெட்போன் மாட்டிய அன்றுதான் அவளுக்கு வலது காது கேட்கவில்லை என்று தெரிந்தது. இப்போது முன்வாங்கில், இடது காது என் பக்கம் வருகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். இதை எந்தத் தரவுத்தளத்தில் தேடுவீர்கள்?

இன்னும் ஒரு வேண்டுகோள். ஒரு விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில், விளக்கமாகக் கொடுங்கள். "போதாது" என்ற ஒரு சொல் காரணம் ஆகாது. தரம் 2 பிள்ளைக்குக்கூட நான் பிழைக்குக் கீழே சரியை எழுதித்தான் கொப்பியைத் திருப்பிக் கொடுக்கிறேன்.

அவர் மறுபடியும் விண்ணப்பிப்பார். இந்த முறை சோதனைப் புத்தகத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மஞ்சள் அட்டை போட்டது. உங்கள் மேசைக்கு வந்தால் தண்ணீர் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். கிணற்றின் படமும் இருக்கிறது, பீலியின் படமும் இருக்கிறது. எந்த ஊர்ப் பிள்ளை எதைச் சொன்னாலும் புள்ளி உண்டு என்று கீழே எழுதியிருக்கிறது.

நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் எங்கள் பாடசாலைக்கு வரலாம். தலவாக்கலையில் இருந்து அக்கரப்பத்தனை பஸ் இருக்கிறது. காலை எட்டரைக்கு முன் வந்துவிடுங்கள், பிள்ளைகள் களைக்காமல் இருப்பார்கள். மழையில்லாத நாளாகப் பார்த்து வாருங்கள். மழை பெய்தால் ஹெட்போனில் ஒன்றும் கேட்காது.

இப்படிக்கு,
ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர்,
அக்கரப்பத்தனை.